கூட்டல் குறியாகப் பிறந்த எழுத்து

மாண்ட்ரியலில் 80-ஆம் எண் பஸ் பார்க் அவென்யூவில் வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மோன் ரொயால் மலை தெரியும். அதன் உச்சியில் இரவில் விளக்கெரியும் இரும்புச் சிலுவை ஒன்று நிற்கிறது. 1924-இல் நிறுத்தியது, 31 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம். இந்த ஊரை நிறுவிய மெசோனவ், வெள்ளம் வடிந்ததற்கு நன்றிக்கடனாக 1643-இல் மலைமேல் சுமந்துபோய் நட்ட மரச்சிலுவையின் நினைவு அது. வேலை முடிந்து திரும்பும் குளிர்கால இரவுகளில், கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்துவிட்டு அதைப் பார்ப்பேன். ஊராருக்கு அது சிலுவை. பிராமி படிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அது ‘க’வும்கூட.

நின்ற கோடு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டும் கோடு ஒன்று. கணக்கு நோட்டின் கூட்டல் குறியேதான். அசோகனின் கல்வெட்டுகளில் ‘க’ இப்படி இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகைகளில், சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய தமிழ்ப் பிராமியிலும் ‘க’ இப்படித்தான். இவற்றில் வடக்கு மூத்ததா, தெற்கு மூத்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. இன்று நாம் எழுதும் ‘க’வும் இந்தியில் எழுதும் ‘க’வும் அந்த ஒரே குறியிலிருந்து இறங்கியவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தேவநாகரி என்ற அந்த வடக்கத்திப் பிள்ளையின் கதையை ஒரு தமிழ்ப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நாம் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. அதோடு நமக்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறது. நியாயமான கோபம். அதற்கும் வருகிறேன்.

அசோகன் காலத்து எழுத்தை ஒரு கட்டத்தில் இந்தியாவிலேயே யாராலும் படிக்க முடியாமல் போயிற்று. 1837-இல் கல்கத்தா நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி ஸ்தூபியின் கல்வேலியில் இருந்த சின்னச் சின்னக் கல்வெட்டுகளின் படிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. புண்ணியத் தலத்துத் தூணில் மறுபடி மறுபடி என்ன எழுதுவார்கள்? இன்னார் கொடுத்தது என்றுதானே. அந்த முடிவுச் சொல் ‘தானம்’ என்று ஊகித்தார். அந்தத் திறப்பில் மற்ற எழுத்துகளும் பிடிபட்டன. நம் ஊர்க் கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தையே மறைக்கும்படி ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊகம் எவ்வளவு சரியானது என்று உடனே புரியும். மூன்றே ஆண்டுகளில், 40 வயதில், பிரின்செப் இறந்துபோனார்.

பிறப்பு ஒன்றாக இருந்தும் உருவம் ஏன் இரண்டாயிற்று? கையில் பிடித்த கருவியும் எழுதிய பரப்பும் பெரிய காரணங்கள். வடக்கே நாணல் பேனாவை மையில் தோய்த்து எழுதினார்கள். காஷ்மீர்ப் பக்கம் பூர்ஜ மரப்பட்டையில், மற்ற இடங்களில் ஓலையில். சரிவாகச் சீவிய பேனா பரப்பைத் தொடும் முதல் நொடியில் எழுத்தின் தலையில் ஒரு சிறு ஆப்பு விழுகிறது. குப்தர் காலத்து எழுத்தில் அந்தத் தலைக்கட்டு நன்றாகத் தெரியும். அடுத்த சில நூற்றாண்டுகளில், சித்தமாத்ருகை என்ற வடிவத்தின் வழியாக, அந்த ஆப்பு பக்கவாட்டில் பரந்தது. பிறகு அடுத்த எழுத்தின் தலையையும் தொட்டது. இன்று இந்திச் சொல்லின்மேல் துணிக்கொடி மாதிரி ஓடும் தலைக்கோடு அதுதான். தெற்கே நாம் எழுத்தாணியால் ஓலையைக் கீறினோம். நரம்போடு ஓடும் நீண்ட நேர்க்கோடு ஓலையைக் கிழித்துவிடும், அதனால் தெற்கத்தி எழுத்துகள் வளைந்தன என்பார்கள். மலையாளத்தையும் சிங்களத்தையும் பார்த்தால் ஒப்புக்கொள்ளத் தோன்றும். நம் ‘க’ மட்டும் இன்னும் சதுரமாகவே நிற்கிறது. ஓலை ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

‘க’வின் மாற்றத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் கூட்டல் குறியின் நின்ற கோடு நீண்டது. இது இரண்டு வீட்டிலும் நடந்தது. பிறகு குறுக்குக் கோட்டின் இரு நுனிகளும் கீழே தொய்ந்தன. வடக்கே இடப்பக்க நுனி சுருண்டு தண்டோடு சேர்ந்து வயிறாயிற்று, வலப்பக்க நுனி கொக்கியாகத் தொங்கியது, தண்டு நேரே கீழே இறங்கி நின்றது. தெற்கே தண்டின் கால் இடப்பக்கம் மடங்கி, மேலே ஏறிக் குறுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. அதுதான் நம் ‘க’வின் பெட்டி. வலப்பக்க நுனி கால் ஊன்றும்வரை கீழே வந்தது. தலையில் சின்னக் கோடு நமக்கும் உண்டு. அது அக்கம்பக்கத்தாரோடு கைகோக்கவில்லை, அவ்வளவுதான்.

நாகரி உருப்பெற்ற காலத்தில் அதன் மூத்த வடிவமான அந்தச் சித்தமாத்ருகை, சித்தம் என்ற பெயரில், வேறொரு பக்கம் போய்விட்டது. ஜப்பானியத் துறவி கூக்காய் 806-இல் சீனாவிலிருந்து திரும்பியபோது அதைக் கொண்டுபோனார். அங்கே மந்திர எழுத்தாக அது இன்றும் வாழ்கிறது. 1030-ஐ ஒட்டி எழுதிய அல்பிரூனி, இந்தியாவின் எழுத்துகளைப் பட்டியலிடும்போது மாளவத்தில் நாகரம் வழங்குகிறது என்கிறார். அதே பட்டியலில் திராவிட தேசத்து எழுத்தும் இருக்கிறது.

இனி நாம் மறந்துவிட்ட பகுதிக்கு வருகிறேன். நாகரி தமிழ்நாட்டுக்கு 20-ஆம் நூற்றாண்டில் டில்லி உத்தரவோடு ரயில் ஏறி வந்தது என்பதே நம்மில் பலருடைய நினைப்பு. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்குப் பக்கத்தில் அதிரணசண்டன் குடைவரை இருக்கிறது. அதன் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. எதிர்ச் சுவரில் அதே கல்வெட்டு, தொடக்ககால நாகரியில். 8-ஆம் நூற்றாண்டு. புலிக்குகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஆள் வருவதில்லை. நான் போனபோது கடற்காற்றில் மணல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். வடக்கத்தி எழுத்தைத் தன் குகையில் வெட்டச் சொன்ன பல்லவனை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். எந்தத் திசையிலிருந்து வந்தவனும் தன் பட்டப்பெயர்களைப் படிக்கட்டும் என்று நினைத்திருப்பான் என்று எனக்குப் படுகிறது.

ராஜராஜ சோழனின் செப்புக்காசும் அப்படித்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதனருகே ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று நாகரியில் பொறித்திருக்கும். ஈழத்தில் இந்தக் காசு நிறையப் புழங்கியது. பெரிய கோயிலின் சுவரெல்லாம் தமிழில் எழுதி வைத்த மன்னன், சந்தையில் கைமாறும் காசில் நாகரி போட்டான். அதே பெரிய கோயிலில் தென்மேற்குத் திருச்சுற்றுச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 1803-இல் இரண்டாம் சரபோஜி காலத்தில் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில், தேவநாகரியில், நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சரபோஜி அதோடு நிற்கவில்லை. 1805-இல் தஞ்சாவூரில் தேவநாகரி அச்சகம் ஒன்றை நிறுவினார். தென்னிந்தியாவில் அந்த எழுத்துக்கு முதல் அச்சகம் அது. ஈசாப்பின் கதைகள் மராத்தியாகி அங்கே அச்சேறின.

அச்சு என்றதும் தேவநாகரியின் பாடு தொடங்குகிறது. மெய்யெழுத்தோடு மெய்யெழுத்து ஒட்டி ஒரே கூட்டெழுத்தாகும் மரபு அதற்கு உண்டு. நமக்குப் புள்ளி இருக்கிறது. ‘க்க’ என்று அருகருகே வைத்துவிட்டுப் போய்விடலாம். அவர்களுக்கோ ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி அச்சு வெட்ட வேண்டியிருந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சீராம்பூர் மிஷன் அச்சகத்துக்காகப் பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர் நாகரி எழுத்துகளை வெட்டத் தொடங்கினார். சுமார் 700 அச்சுகள் தேவைப்பட்டன. பாதிவேலையில் அவர் இறந்துபோக, மருமகன் மனோகர் அதைத் தொடர்ந்தார். இங்கிலாந்தில் சார்லஸ் வில்கின்ஸ் தன் கையாலேயே எஃகில் எழுத்து வெட்டி, வார்த்து, அச்சுக்குத் தயாரான நேரத்தில் 1796-இல் வீடு தீப்பிடித்தது. வார்த்த எழுத்துகள் போயின; உளி வெட்டிய மூல அச்சுகள் தப்பின. அவருடைய சமஸ்கிருத இலக்கணம் 1808-இல்தான் வெளியாயிற்று. எழுத்து என்றால் நமக்கு நினைவு வருவது புலவர்கள். அதைத் தாங்கி வந்தவர்களில் கொல்லர்கள் எத்தனை பேர்!

அச்சு இன்னொன்றும் செய்தது. எனக்கு வருத்தமான பகுதி இது. சமஸ்கிருதத்துக்கென்று சொந்த எழுத்து ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. காஷ்மீரில் சாரதையில் எழுதினார்கள், வங்கத்தில் வங்க எழுத்தில், கேரளத்தில் மலையாளத்தில், தமிழ்நாட்டில் கிரந்தத்தில். ஐரோப்பாவில் சமஸ்கிருதப் படிப்பு பரவியபோது அச்சுக்கு நாகரியைத் தேர்ந்தெடுத்தார்கள். மாக்ஸ் முல்லர் 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ரிக் வேதம் நாகரியில் வந்தது. அதோடு சேர்ந்து அச்சான சாயனரின் உரை, தெற்கே விஜயநகரத்தில் எழுதியது. பம்பாயின் நிர்ணயசாகர் அச்சகம் அழகான நாகரியில் சமஸ்கிருத நூல்களைக் குவித்தது. சில தலைமுறைக்குள் சமஸ்கிருதம் என்றாலே தேவநாகரி என்றாகிவிட்டது. சென்னையில் கிரந்த எழுத்தில் அச்சான நூல்களைப் படிக்க இன்று ஆள் தேட வேண்டும். இங்கே மக்கில் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படிக்கவரும் கனடியப் பிள்ளைகளும் நாகரியில்தான் கற்கிறார்கள். பல்லவன் சுவருக்கு ஒன்றாக வைத்த இரண்டு எழுத்துகளில் அணைந்துவருவது நம் பக்கத்து எழுத்து.

எழுத்து அரசாங்கத்தின் கைக்குப் போன கதை எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1900 ஏப்ரலில் வடமேற்கு மாகாணத்தில் நீதிமன்ற மனுக்களை நாகரியிலும் எழுதலாம் என்று ஆணை வந்தது. ஒரே பேச்சு இந்தி என்றும் உருது என்றும் எழுத்தை வைத்து இரண்டாகப் பிளந்த சண்டையில் அது ஒரு பெரிய திருப்பம். 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை, ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் இந்தி என்று ஏற்றது. அந்த உடன்பாட்டை எழுதியவர்கள் முன்ஷியும் நம் கோபாலசுவாமி ஐயங்காரும். எண்கள் மட்டும் சர்வதேச வடிவில் இருக்கும் என்பதைப் பெறுவதற்கே தெற்கு கடுமையாகப் போராட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே 1939-இல், இந்தித் திணிப்பை எதிர்த்து, நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர்விட்டிருந்தார்கள். 1950-களில் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசினார்கள். 1965-இல் ஊரே எரிந்தது.

எங்கள் ஊர் ரயிலடிப் பலகையில், மேலே தமிழ், நடுவில் தார், கீழே ஆங்கிலம். சின்ன வயதில் அந்தக் கறுப்பு மெழுகலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வண்டிக்குக் காத்திருப்பேன். தார் பூசியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படிக்க வேறு வழியில்லாமல் ஓர் எழுத்தைக் கண்முன் நிறுத்தினால் கை தாரைத் தேடும். ஆனால் அடியில் இருந்தது பகைவன் எழுத்து என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். அது நம் ‘க’வோடு கூடப் பிறந்தது என்று தெரிய எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

தெரிந்தது மாண்ட்ரியலில். ஈழத்து நண்பர்கள் மொன்றியல் என்று சொல்லும் இந்த ஊரில், 1977-இன் 101-ஆம் சட்டம் எழுத்தைக் காவல் காக்கிறது. கடைப்பலகையில் பிரெஞ்சு தூக்கலாகத் தெரிய வேண்டும். ஆங்கிலக் கடலுக்கு நடுவில் மொழி கரைந்துவிடுமோ என்ற பயம். ஒரு தமிழருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ழான் தாலோன் தெருக் கடைகளில் கோதுமை மாவு மூட்டையின்மேல் நாகரியில் பெரிதாக எழுதியிருக்கும். அதன் பாதியை மறைத்துப் பிரெஞ்சு ஒட்டுச்சீட்டு. இங்கே நாகரிக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. தமிழைப் போலவே அதுவும் மூட்டையில் வந்து இறங்கிய எழுத்து.

இந்த ஊர் அந்த எழுத்துக்குச் செய்த உதவி ஒன்று உண்டு. இங்கே வாழ்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நான் வந்த புதிதில் அம்மாவின் மின்னஞ்சலைத் திறந்தால் கேள்விக்குறிகளும் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளும் வரும். அவர் தட்டிய எழுத்துரு என் கணினியில் இல்லையென்றால் தமிழ் இல்லை. ஈழத்தவர் பாமினி என்ற எழுத்துரு வைத்திருந்தார்கள், மற்றவர்கள் வேறு வேறு. இந்திக்காரர்களுக்கும் அதே தலைவலி. பிரெஞ்சுக்காரர்களுக்குமே இருந்தது, அமெரிக்கக் கணினியின் 128 இடங்களில் அவர்களுடைய மேற்குறி போட்ட எழுத்துகளுக்கு இடமே இல்லை.

1991-இல் வெளிவந்த யூனிகோட், உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. எண்ணைக் கம்பி வழியே அனுப்ப ஒரு முறை வேண்டும். அதை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் மேசைத்தாளில் எழுதிக் கண்டுபிடித்தார்கள். யுடிஎஃப்-8 என்று பெயர். அதை இணையம் முழுவதும் பின்பற்றும்படி விதி ஆவணமாக எழுதியவர் பிரான்சுவா யெர்ஜோ. மாண்ட்ரியலில் அலிஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தில் இருந்தவர். முதல் ஆவணம் 1996, அடுத்தது 1998, இன்றும் செல்லுபடியாகும் வடிவம் 2003 நவம்பர். அவர் தேவநாகரிக்காகவோ தமிழுக்காகவோ அதை எழுதவில்லை. எல்லா எழுத்துக்கும் செல்லும்படி எழுதினார். தன் எழுத்து திரையில் உடைந்து வருவதைப் பார்த்தவர்கள் வாழும் ஊரில் அது எழுதப்பட்டதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த முறைப்படி இந்தி ‘க’ கம்பியில் மூன்று எண்களாகப் போகிறது: 224, 164, 149. முதல் எண்ணை இரும எண்ணாக எழுதினால் தலையில் மூன்று ஒன்றுகள் நிற்கும். ‘நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் எழுத்து’ என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நம் ‘க’ இப்படிப் போகிறது: 224, 174, 149. முதலும் கடைசியும் ஒன்றே. நடுவில் மட்டும் பத்து வித்தியாசம். முதன்முதலில் இதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

காரணம் இருக்கிறது. 1988-இல் இந்தியாவில் உருவான இஸ்கி என்ற தரம், பிராமி வழிவந்த எல்லா எழுத்துகளுக்கும் ஒரே இருக்கை வரிசையைக் கொடுத்தது. யூனிகோட் அதைப் பின்பற்றியது. ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் 128 இருக்கை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 21-ஆவது இருக்கை ‘க’வுக்கு. வங்கம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், குஜராத்தி எல்லாவற்றிலும் அதே இருக்கை. நாகரியில் அடுத்த மூன்றில் மற்றக் ககரங்கள் உட்கார்ந்திருக்க, தமிழில் அவை காலி. 25-இல்தான் ‘ங’ வருகிறது. தமிழுக்குத் தைக்காத சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டார்கள் என்று நம் கணினி அறிஞர்கள் வருந்தியதும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று கேட்டதும் சரியே. என் கட்சியும் அதுதான். ஆனாலும் அந்த 21-ஆவது இருக்கையை என்னால் வெறுக்க முடியவில்லை.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டுச் சிறுமி எங்கள் சமையலறை மேசையில் இந்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என் மகள் எதிரே தமிழ் நோட்டோடு. அந்தப் பெண் ‘கமல்’ என்று மூன்று எழுத்து எழுதினாள், தாமரை. எழுதி முடித்த பிறகு அடிக்கோல் வைத்துத் தலைமேல் ஒரு கோடு இழுத்தாள். கொடியில் மூன்று துணி.

“அம்மா, இவ எல்லாத்தையும் எழுதிட்டு அப்புறமா மேல கோடு போடுறா.”

“நம்ம ‘க’வுக்கும் மேல சின்னதா ஒண்ணு இருக்கு பாரு.”

மகள் பார்த்தாள். தன் நோட்டில் முழுப்பக்க உயரத்துக்கு ஒரு ‘க’ போட்டாள். “நீயும் இதே அளவுல ஒண்ணு போடேன்” என்று அவளிடம் கேட்டாள். பிறகு இரண்டு தாளையும் கிழித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். வெளியே பனியின் வெள்ளை. பெட்டி ஒரு பக்கம் விலகியது, வயிறு ஒரு பக்கம் விலகியது, கொக்கி எங்கோ போயிற்று. இரண்டு தாளிலும் பொருந்தி, பென்சில் கருமை கூடித் தெரிந்தது, நடுவில் நின்ற ஒரு கோடும் அதைக் குறுக்கே வெட்டிய ஒரு கோடும்.